அடித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு?

கோலாலம்பூரில் நாம் காலையில் நடக்கப் போகும் ஏரிகளில் பல, ஈயம் (காரீயம் இல்லை, வெள்ளீயம், அதாவது டின்) தோண்டிய பழைய குழிகள். தித்திவங்சாவும் அப்படித்தான். கரையில் மாதிரி எடுக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து நின்று, "தண்ணியில விஷம் இருக்காங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலோகத்தின் அளவை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அடித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும்.

நம் ஊர் வெயிலில் மேல்தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். அடியில் இருப்பது கொஞ்சம் குளிர்ந்த, கனமான தண்ணீர். ஆழமான குட்டையில் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவதே ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். அடியில் இலையும் கழிவும் மட்கும்போது அந்தக் கொஞ்சமும் தீர்ந்துவிடும்.

ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு, துருவாகக் கரையாமல் கிடக்கும். விஷமான ஆர்செனிக்கும் பாஸ்பேட்டும் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு அதற்குப் பதிலாக நைட்ரேட்டுக்குத் தாவும். அப்புறம் மாங்கனீஸ், அதற்கும் அப்புறம் இரும்பு. துரு கரையும், ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீருக்கு வந்துவிடும். ஈயத் தாதுவோடு ஆர்செனிக் தாதுவும் சேர்ந்து கிடப்பது உண்டு என்பதால், இது நமக்கு ரொம்பவே முக்கியம்.

அடியிலிருந்து எடுத்த தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். பாட்டிலைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகக் கலங்கி, செம்பழுப்பாக அடியில் படியும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு மறுபடி துருவாகிறது. போகும்போது ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. லேபுக்குக் கொண்டுபோய் அப்புறமாக வடிகட்டினால், கரைந்த ஆர்செனிக் குறைவு என்றே அறிக்கை வரும். அதனால்தான் படகிலேயே, காற்றுப் படாமல், 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, இரும்பு மறுபடி துருவாகாமல் இருக்க உடனே நைட்ரிக் அமிலம் விடுகிறோம். இந்த ஒரு வேலையில் அவசரப்படவே கூடாது.

சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் உருவாகிவிட்டது என்று அர்த்தம். செம்பு, துத்தநாகம், காரீயம், காட்மியம் எல்லாம் அதோடு சேர்ந்து கரையாமல் பூட்டிக்கொள்ளும். சரி, நல்லதுதானே என்று விட்டுவிட முடியாது. பாதரசம் இருந்தால், அதே இடத்தில் நுண்ணுயிர்கள் அதை இன்னும் விஷமான மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேரும். அந்தச் சேற்றை வாரிக் கரையில் குவித்தால் சல்ஃபைடு காற்றுப் பட்டு அமிலமாகும், பூட்டியிருந்த உலோகங்கள் மழையோடு வழியும். தூர்வாரிய கறுப்புச் சேற்றை மூடாமல் போட்டு வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

2014 வறட்சியில் சிலாங்கூரில் பழைய ஈயக் குட்டைத் தண்ணீரை ஆற்றில் சேர்த்தபோது பலர் பயந்தார்கள். இனி அப்படி ஒரு நிலை வந்தால், தண்ணீரை எந்த ஆழத்திலிருந்து இறைக்கிறார்கள் என்று கேளுங்கள். பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தால், மாதிரியை அடியிலிருந்தும் எடுத்தார்களா, எப்போது வடிகட்டினார்கள், அந்த ஆழத்தில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாவிட்டால், மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.