வெள்ளெழுத்து: சொல்லும் பொருளும்

மாத்திரை அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். கையைக் கொஞ்சம் நீட்டுகிறோம். இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறோம். அப்புறம் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்கிறோம். அதுவரை கண்ணாடியே போட்டிராத பலர் நாற்பதை ஒட்டி முதல்முறையாகக் கண் மருத்துவரைத் தேடிப் போவது இதற்காகத்தான். அங்கே இதற்குச் சொல்லும் பெயர் பிரஸ்பயோபியா. தமிழில் நெடுநாளாக இருக்கும் பெயர் வெள்ளெழுத்து.

வெண்மை + எழுத்து என்று பிரிக்கலாம். எழுத்து வெளுத்துத் தெரிவது என்பது நேர்ப்பொருள். பெயர் வைத்தவர் நோயை வெளியிலிருந்து பார்த்து வைக்கவில்லை, அந்தக் கண்ணுக்குள் இருந்து பார்த்து வைத்திருக்கிறார். குவியம் சரியாக விழாதபோது எழுத்தின் கறுப்பு சுற்றியிருக்கும் தாளின் வெள்ளையோடு கலந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. எழுத்து சிறுத்துப்போவதில்லை, மறைந்துபோவதுமில்லை, வெளிறிப்போகிறது. நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி அந்த மங்கல் குறைகிறது, அதனால்தான் அப்போது படிக்க முடிவதும் விளக்கு மங்கினால் முடியாததும்.

'வெள்' என்ற அடைக்கு நிறத்தைத் தாண்டியும் பொருள் உண்டு. எழுதப்படாத ஓலை வெள்ளோலை. குறள் 844இல் வெண்மை என்பது அறிவின்மையைக் குறிக்கிறது. இருக்க வேண்டியது இல்லாமல் வெறுமையாக இருப்பதும் தமிழில் 'வெள்'தான். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் சரியாகப் புலப்படாது. கரி கலந்த மையைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு தங்கும், எழுத்து எழுந்து நிற்கும். அப்படி மையேறாத ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுவது போலத்தான் நாற்பத்தைந்து வயதுக் கண் செய்தித்தாளில் தடுமாறுகிறது.

மலையாளத்தில் இந்தச் சொல் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்து உறவினர்கள் "எனக்கு வெள்ளெழுத்து" என்று இயல்பாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் "பக்கத்துல தெரியல", "ரீடிங் கிளாஸ் போடணும்" என்பதோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு பழைய சொல்லும் உண்டு: சாளேசுவரம். பார்த்தால் ஏதோ ஒரு சிவன் கோயில் ஊர்ப்பெயர் போல இருக்கும். உள்ளே இருப்பது ஓர் எண். மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. சாளிசி என்றால் நாற்பதாவது வயதும் ஆகும், அந்த வயதில் போடும் கண்ணாடியும் ஆகும். கன்னடத்தில் சாளீசு. தெலுங்கில் சத்வாரம், அதுவும் நாற்பதைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆக, அக்கம்பக்கத்து மொழிகள் வயதை எண்ணிப் பெயர் வைத்தன. தமிழும் மலையாளமும் எழுத்தைப் பார்த்துப் பெயர் வைத்தன.

கிரேக்கச் சொல்லும் வயதைத்தான் பார்க்கிறது. பிரெஸ்பிஸ் என்றால் முதியவர், ஆப்ஸ் என்றால் கண். தேவாலயத்து மூப்பரைக் குறிக்கும் பிரெஸ்பிட்டர் என்ற சொல்லுக்கும் அதே வேர். இதைத் தமிழில் 'மூப்புப் பார்வை' என்று பெயர்க்கலாம்தான். ஆனால் நாற்பத்திரண்டு வயதுக்காரரிடம் போய் மூப்பு என்று எப்படிச் சொல்வது? பாடநூலில் 'விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு' என்று வருகிறது. தேர்வில் எழுதலாம், பிழை ஒன்றுமில்லை. வீட்டில் அம்மாவிடம் சொல்ல அது உதவாது. நான்கு சொல்லில் விளக்கம் தருவது வேறு, ஒரு பொருளுக்குப் பெயர் இருப்பது வேறு. என்னைக் கேட்டால் வெள்ளெழுத்துதான் சரியான தமிழ்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நம் கண்ணின் வில்லை (லென்ஸ்) கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது புடைத்துக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற வில்லை இறுகி, அந்த நெகிழ்வு போய்விடுகிறது. பத்து வயதுப் பிள்ளை சுமார் 7 செ.மீ. தூரத்தில் வைத்துக்கூடத் தெளிவாகப் படிக்கும். இருபதில் அது 10 செ.மீ. ஆகிறது. நாற்பதில் 22 செ.மீ. அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது கை நீளமே போதாது. இது எல்லோருக்கும் வருவது. நெடுநேரம் போன் பார்த்ததால் வந்தது என்றோ, சின்ன வயதில் கீரை சாப்பிடாததால் வந்தது என்றோ வருந்த வேண்டாம்.

இதைத் தூரப்பார்வையோடு குழப்பக் கூடாது. இரண்டுக்கும் பிளஸ் கண்ணாடிதான் என்பதால் அந்தக் குழப்பம் வருகிறது. தூரப்பார்வை கண்ணின் அளவிலோ வளைவிலோ உள்ள குறை, குழந்தைக்கும் இருக்கலாம். வெள்ளெழுத்து வில்லையின் நெகிழ்வு சம்பந்தப்பட்டது. கிட்டப்பார்வை என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது என்பதுதான் அதன் பொருள். பலர் தலைகீழாக எடுத்துக்கொண்டு, "எனக்குக் கிட்டப்பார்வை டாக்டர்" என்று கிட்டத்தில் தெரியாததைச் சொல்கிறார்கள். ஆகவே முதல்முறை போகும்போது பெயரைச் சொல்ல வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள். "பஸ் போர்டு தெரிகிறது, மாத்திரை அட்டை தெரியவில்லை, ஆறு மாதமாக" என்றால் போதும்.

வெள்ளெழுத்து என்ற சொல்லில் எனக்கு ஒரே ஒரு குறை. அது எழுத்தை மட்டும் பேசுகிறது. என் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு இது தெரியவந்தது ஊசியில். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியை வானத்துக்கு நேராகப் பிடித்து, மூன்று முறை குத்திவிட்டு, "கண்ணு அவிஞ்சு போச்சு" என்று என்னிடம் நீட்டுவார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது. அரிசியில் கல் பொறுக்குகிறவர், பூக் கட்டுகிறவர், தையல்காரர், தேயிலை பறிக்கிறவர் எல்லோருக்கும் இதே கண்தான். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளரிடம் நடத்தி 2018இல் வெளிவந்த ஆய்வில், கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்த பிரிவினர் பறிக்கும் அளவு, கொடுக்காத பிரிவினரைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. சாதாரண பிளஸ் கண்ணாடி, அவ்வளவுதான். என் பாட்டிக்கு அதை யாரும் வாங்கித் தரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

அதனால் கண்ணாஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை: ஒரு டேப்பை எடுத்து, நீங்கள் வேலை செய்யும் பொருளுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். நாம் பவர் என்று சொல்வது டயாப்டர் கணக்கு. பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான்ட் மோனுவாயே 1872இல் முன்வைத்த அலகு அது. ஒன்றை மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் வருவது. 40 செ.மீ.இல் புத்தகம் படிக்கக் கண்ணுக்குத் தேவை 2.5 டயாப்டர். 60 செ.மீ.இல் கணினி பார்க்க 1.67 போதும். தூரம் சொல்லாமல் வாங்கிய கண்ணாடி புத்தகத்துக்குச் சரியாக இருந்து தையல் மிஷினுக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

பழைய கண்ணாடி இருந்தால், உடைந்ததானாலும் எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். சர்க்கரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது தாறுமாறாக இருக்கும் நாட்களில் பவரும் மாறும், அன்று எழுதிய கண்ணாடி பிறகு பொருந்தாது. குடும்பத்தில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் இருந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். வலியில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும் நோய் அது. நடைபாதையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியால் கண் கெட்டுவிடாது. ஆனால் அதோடு திருப்திப்பட்டு வீட்டிலிருந்தால் இந்த அழுத்தத்தை யார் பார்ப்பது?

கண்ணாடிக்கு எழுதித் தரும் சீட்டில் 'ஆட்' (Add) என்று ஒரு கட்டம் இருக்கும். தூரப் பவரோடு கிட்டத்துக்காகக் கூட்ட வேண்டியது எவ்வளவு என்று பொருள். வெள்ளெழுத்தின் அளவு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. 'என் 6' (N6) என்று எழுதியிருந்தால், கிட்டத்து அட்டையின் சிறிய எழுத்தைப் படித்துவிட்டீர்கள்.

கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். நான் போனபோது பதினேழு வயது மகள் துணைக்கு வந்தாள். தலைவலிக்கிறது என்று அவளுக்கும் கண் பார்த்தார்கள், அவளுக்கும் சொட்டு. அந்த மருந்து கண்மணியை விரிப்பதோடு வில்லையைப் புடைக்கவைக்கும் தசையையும் கொஞ்ச நேரம் தளர்த்திவிடும். இருவரும் ஆட்டோ பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தோம். வழியில் அவள் போனை எடுத்தாள், முகத்தருகே வைத்தாள், கையை நீட்டினாள், இன்னும் நீட்டினாள். "அம்மா, எழுத்தெல்லாம் வெளுத்துத் தெரியுது" என்றாள். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில்தான் அவளுக்குச் சரியானது.