தகர டப்பாவுக்குள் வெள்ளீயத்தின் காவல்

"அன்னாசி டின்னைத் திறந்து பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஏன் என்று சொல்ல இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

பிரான்சில் மிட்டாய் வியாபாரம் செய்த நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டார். 1810இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. செய்முறையை அச்சிட்டு ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. மக்கள் பணத்தில் நடக்கும் எல்லா ஆராய்ச்சிக்கும் இந்த நிபந்தனை வேண்டும் என்பது என் கட்சி.

அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1813 வாக்கில் பிரையன் டான்கினின் லண்டன் தொழிற்சாலையிலிருந்து கடற்படைக்கு இறைச்சி டின்கள் போயின. தகட்டைக் கையால் வெட்டி, வளைத்து, பற்றவைத்த கனமான டப்பாக்கள் அவை. திறக்க உளியும் சுத்தியலும் வேண்டும். 1824இல் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி எட்வர்ட் பாரியின் ஆர்க்டிக் பயணத்தில் போய்த் திரும்பிய கன்றிறைச்சி டின் ஒன்றை 1938இல் திறந்தார்கள். இறைச்சி பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது. ஒரு பூனைக்குக் கொடுத்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை!

இத்தனை காலம் டப்பா எப்படித் தாங்குகிறது? தகரம் என்று நாம் சொல்வது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உள்ளே தேய்ப்பதும் இதே வெள்ளீயம்தான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். டப்பாவின் வெளிப்பக்கம் கீறி ஈரம் பட்டால், அந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வெள்ளீயத்தைவிட இரும்பு எளிதில் எலக்ட்ரானை விட்டுவிடும், அதனால் பூச்சு தப்பிக்கிறது, இரும்பு அரிக்கப்படுகிறது. சரி, அப்படியானால் புளிப்பான பழச்சாறு நிறைந்த உட்பக்கம் இன்னும் மோசமாக அல்லவா போக வேண்டும்? அங்கேதான் கதை தலைகீழாகிறது. கொஞ்சம் வெள்ளீயம் அயனிகளாக, அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்களாகக் கரைகிறது. சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் அவற்றை உடனே பிடித்துக் கட்டிப்போடுகிறது. தனி அயனிகள் சாற்றில் குறையக் குறைய, வெள்ளீயத்துக்கு இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விடும் குணம் வந்துவிடுகிறது. பூச்சு எங்காவது விட்டுப்போய் இரும்பு தெரிந்தாலும், வெள்ளீயம் தான் கரைந்து அதைக் காக்கிறது. உள்ளே ஆக்சிஜன் அநேகமாக இல்லாததால் இந்தக் கரைவும் எறும்பு ஊர்வதுபோல மெதுவாகவே நடக்கும். அன்னாசி டின்னைக் காலிசெய்து, கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்சுவரில் இறகு இறகாகப் படிகக் கோலம் தெரிந்தால், அது வெள்ளீயம் கரைந்த தடம்.

மூடியைத் திறந்ததும் காற்று புகுந்துவிடுகிறது. ஆக்சிஜன் கிடைத்தவுடன் கரைவு வேகமெடுக்கும், பழத்தில் உலோக ருசி ஏறும், அளவு மிஞ்சினால் வயிற்றைப் புரட்டும். உள்ளே அரக்குப் பூச்சு உள்ள டின்களில் இந்தத் தொல்லை குறைவு. அன்னாசி டின்கள் பெரும்பாலும் அந்தப் பூச்சு இல்லாமல்தான் வருகின்றன. மீதித் துண்டுகளைச் சாறோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.