கல்விச் சுதந்திரம் அல்ல, புலமைச் சுதந்திரம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் அங்கே தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் திருச்சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைச் சென்ற வாரம் படித்தேன். அதில் ஒரு வரி: ‘பல்கலைக்கழகம் தன் கல்விச் சுதந்திரத்தைக் காக்க ஆசிரியர்களின் கல்விச் சுதந்திரத்தை வரையறுக்கிறது.’ மூன்று முறை படித்தும் யாருடைய எது பறிபோனது என்று பிடிபடவில்லை. அகாடமிக் ஃப்ரீடம் என்பதற்குக் ‘கல்விச் சுதந்திரம்’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஏதென்ஸ் நகரை ஒட்டி, அகாதேமோஸ் என்ற வீரனின் பெயரால் வழங்கிய தோப்பில் பிளாட்டோ பாடம் சொன்னார். அகாடமி அங்கிருந்து வந்தது. அதனோடு சேர்ந்த சுதந்திரம், கற்பிப்பவருக்குத் தடை கூடாது என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வளர்த்த கருத்து. வேர் இவ்வளவுதான்.

‘கல்விச் சுதந்திரம்’ ஏன் தவறு? கல்விக் கட்டணம், கல்விக் கடன், கல்வி உரிமைச் சட்டம் என்று எங்கே பார்த்தாலும் கல்வி என்பது படிக்கிறவர் பெறுவது. ஆகவே கல்விச் சுதந்திரம் என்றதும், விரும்பியதைப் படிக்கும் மாணவரின் உரிமை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். நாம் பேசுவதோ, ஆராய்ந்து கண்டதைச் சொன்னதற்காகப் பேராசிரியரின் வேலை போகக் கூடாது என்பதை. ‘கல்வியியல் சுதந்திரம்’ இன்னும் மோசம். கல்வியியல் கல்லூரி என்றால் பி.எட். கல்லூரி என்பது ஊரறிந்தது. உயிரியல் பேராசிரியரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவானேன்?

இது வெறும் சொல் சண்டை அல்ல. 1911இல் இதே பிரிகம் யங்கில் பரிணாமக் கொள்கையையும் விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் முறையையும் கற்பித்ததற்காக ஹென்றி பீட்டர்சன், ஜோசப் பீட்டர்சன், ரால்ஃப் சேம்பர்லின் ஆகியோர் வெளியேற நேர்ந்தது. அதே பரிணாமம் இன்று அங்கே உயிரியல் வகுப்பில் பாடம். 1992இல் பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டு, தனியாளுக்கு உரியது ஒன்று, நிறுவனத்துக்கு உரியது ஒன்று என இரண்டு சுதந்திரங்களைப் பிரித்தது. திருச்சபையின் அடிப்படைக் கோட்பாட்டை எதிர்ப்பதோ அதன் தலைவர்களை வேண்டுமென்றே தாக்குவதோ நிறுவனத்தின் நோக்கத்தைக் கெடுத்தால், தனியாளின் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு என்றது. 1996இல் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் கெயில் ஹூஸ்டனுக்கு நிலைப்பணி (டென்யூர், அதாவது எளிதில் நீக்க முடியாத நிரந்தர வேலை) மறுக்கப்பட்டது. பரலோகப் பிதாவின் துணைவி என்று மார்மன்கள் நம்பும் பரலோக அன்னையிடம் வேண்டிக்கொள்வதாக அவர் வெளிப்படையாகச் சொன்னதும் காரணங்களுள் ஒன்று; அந்த அன்னையிடம் வேண்டுவதைத் திருச்சபை ஏற்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் விசாரித்து, 1998இல் பல்கலைக்கழகத்தைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. சமய நிறுவனம் வரம்பு விதிக்கவே கூடாது என்று அந்தச் சங்கம் சொல்லவில்லை. வரம்பு இருந்தால் பணியில் சேரும்போதே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் 1940ஆம் ஆண்டு அறிக்கையின் நிலை. வழக்கின் உயிரே இரண்டு சுதந்திரங்களின் மோதலில் இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் வழக்கே காணாமல் போகிறது.

என் தேர்வு ‘புலமைச் சுதந்திரம்’. புலம் என்றால் அறிவு, புலன், வயல். புலமை, ஒருவர் உழுது பெற்ற அறிவு. அது ஆளோடு ஒட்டியது. ‘புலமை என்றால் செய்யுள் பாடும் புலவர் நினைவுக்கு வருவாரே’ என்பார்கள். இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது புலமைப்பரிசில் பரீட்சை. அங்கே கண்டுபிடிப்புக்கும் படைப்புக்கும் உள்ள உரிமை புலமைச் சொத்து. அங்கெல்லாம் யாரும் வெண்பாவைத் தேடுவதில்லை.

தூய தமிழ் அன்பர்கள் ‘விடுதலை’ கேட்பார்கள். கட்டுண்டவர் வெளியே வருவது விடுதலை. இங்கே யாரும் சிறையில் இல்லை. சுதந்திரம் வடசொல்தான், ஆனால் நம் ஊர்களில் களத்து மேட்டில் கிராமப் பணியாளருக்கு அளந்து கொடுத்த நெல்லுக்கும் சுதந்திரம் என்றே பெயர். செய்யும் வேலையோடு ஒட்டிவரும் உரிமை அது. பேராசிரியருக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது? நிறுவனம் தனக்குக் கோருவதை ‘நிறுவனத் தன்னுரிமை’ என்று தனியே பெயரிட்டுவிட்டால், மேலே சொன்ன வரி ‘நிறுவனத் தன்னுரிமையைக் காக்க ஆசிரியர்களின் புலமைச் சுதந்திரத்துக்கு எல்லை வகுக்கிறது’ என்றாகும். படித்தவுடன் புரிகிறது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு குறை. அங்கே படிப்பதற்கு மாணவர்கள் ‘பேராயர் ஒப்புதல்’ பெற வேண்டும் என்று இருந்தது. நம் வாசகர் அங்கியும் செங்கோலும் தரித்த பேராயரை எண்ணிக்கொள்வார். மார்மன்களின் பிஷப் ஒரு வட்டாரச் சபையின் தலைவர். சம்பளம் கிடையாது, பகலில் கணக்கராகவோ பல் மருத்துவராகவோ இருப்பார். அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்துதான் மாணவர் தன் ஒழுக்கத்துக்குப் பதில் சொல்கிறார். திருச்சபையை விட்டு விலகிய மாணவருக்கு அந்த ஒப்புதல் பொதுவாகக் கிடைக்காது. படிப்பும் பாதியில் நின்றுவிடலாம். ‘பிஷப்’ என்றே எழுதி, யார் அவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அதற்கு மூலத்தைக் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.