தோழி கொடுத்த மூன்று மாத்திரை

இந்த மாதத்தில் இது நான்காவது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. கூட அவளுடைய அறைத்தோழி. விசாரித்தால், வெள்ளைப்படுதல் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. நிறம் மாறியிருக்கிறது, உறவின்போது வலித்திருக்கிறது, மாதவிலக்கு இல்லாத நாட்களில் இரத்தக்கசிவும் இருந்திருக்கிறது. "இத்தனை நாள் ஏம்மா வரவில்லை?" என்று கேட்டேன். பதில் அறைத்தோழியிடமிருந்து வந்தது. "எனக்குத் தொண்டை வலிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்ல மூணு மிச்சம் இருந்தது மேடம். அதைக் கொடுத்தேன். கொஞ்சம் குறைஞ்சது."

ஆமாம், கொஞ்சம் குறைந்திருக்கும். மூன்று மாத்திரைக்கு, உறவின் வழியே பரவும் கிளமிடியா தொற்று அடங்கிப்போன மாதிரி இருந்துவிட்டு, கருக்குழாய் வரை ஏறிவிட்டது. இப்போது ஊசியும் 14 நாள் மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். நோய் குணமாகும். குழாயில் தழும்பு விழுந்திருக்கிறதா, பின்னால் கருத்தரிப்பதில் சிக்கல் வருமா என்று அவள் கேட்டபோது, "வராது" என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண், பாதுகாப்பில்லாத உறவு முடிந்து ஆறாம் நாள் அவசர கருத்தடை மாத்திரை கேட்டு வந்தாள். "முதல்ல நாள் தள்ளிப்போகுதான்னு பாரு, அப்புறம் சாப்பிடலாம்" என்று ஒரு சீனியர் சொல்லியிருக்கிறாள். இன்னொரு பெண் அதே மாத்திரையை ஒரே மாதத்தில் நான்கு முறை சாப்பிட்டிருக்கிறாள், அதுதான் கருத்தடை என்று நினைத்து. மூன்றாவதாக ஒரு பையன். அறிமுகமில்லாத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு, மறுநாள் காலையே எச்.ஐ.வி. பரிசோதனை, முடிவு நெகட்டிவ். "அவ்வளவுதான்டா, நீ தப்பிச்சிட்ட" என்று நண்பன் தோளில் தட்டி அனுப்பிவிட்டான். மனம் கேட்காமல் ஐந்தாம் நாள் என்னிடம் வந்தான். தொற்று ஏற்படாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

நால்வருக்கும் யோசனை சொன்னது நண்பர்கள்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த அறைத்தோழி முதல்நாள் இரவெல்லாம் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் தேர்வை விட்டுவிட்டு இவளை அழைத்து வந்திருக்கிறாள். நான் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான் கோபம் வந்தது.

மாணவர்களே மாணவர்களுக்குப் பாலியல் நலம் சொல்லித் தரும் திட்டத்தை அனுமதிக்கலாமா, கூடாதா என்று கல்லூரிகள் இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கின்றன. அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு விடுதியிலும் நள்ளிரவில், கதவைச் சாத்திக்கொண்டு, பாடத்திட்டமோ பயிற்சியோ இல்லாமல் நடக்கிறது. சொல்லித் தருபவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்துக்கு ஒரு பத்திக்கு மேல் கொடுக்க மாட்டேன். பாலியல் கல்வி உறவுகளை அதிகப்படுத்துவதில்லை என்று யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. இங்கிலாந்தில் 20-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. 16 வயதுக்குள் உறவில் ஈடுபட்டதாகச் சொன்ன மாணவிகள், மூத்த மாணவர்களிடம் கற்ற குழுவில் குறைவாகவே இருந்தார்கள். பையன்களிடம் பெரிய வித்தியாசமில்லை. சரி, மேலே போகலாம்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டும் தவறான எண்ணம் வேறு. அது எதிர்ப்பவர்களிடம் இல்லை, ஆர்வமாக ஆரம்பிப்பவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வரும். "மேடம், ஒருநாள் செமினார் வைக்கிறோம். 200 பேர் இருப்பார்கள். வகுப்புக்கு இரண்டு பேரை நாங்களே தேர்ந்தெடுத்துத் தருகிறோம், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாக. நீங்கள் எல்லா நோயையும் சொல்லிக்கொடுத்து விடுங்கள், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்." அதாவது, சகமாணவர் வழிகாட்டி என்றால் ஒரு குட்டி டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில், நன்றாகப் படிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாள் தள்ளிப்போன பெண் வகுப்பின் முதல் மாணவியிடமா போய்ச் சொல்வாள்? ஆசிரியர்களின் செல்லப்பிள்ளையிடமா? விடுதிக் காப்பாளரிடம் தினமும் பேசுகிறவளிடமா? நான் பயிற்சி கொடுக்கும் இடங்களில் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்விதான். எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்வேன்: இரவு 11 மணிக்கு உனக்கு ஒரு சிக்கல், வீட்டில் சொல்ல முடியாது, உன் வகுப்பில் யார் அறைக் கதவைத் தட்டுவாய்? திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் என் பட்டியல். அதில் அரியர் வைத்திருப்பவர் இருப்பார், கடைசி பெஞ்சு இருக்கும், வார்டனிடம் இரண்டு முறை திட்டு வாங்கியவளும் இருப்பாள். கல்லூரி முகம் சுளிக்கும். "இவர்களா, மேடம்?" என்பார்கள். இவர்களேதான். ஏனென்றால் சிக்கலில் இருப்பவர்கள் இப்போதும் இவர்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, எல்லா நோயையும் சொல்லிக்கொடுப்பது. வேண்டவே வேண்டாம். பத்து நோயின் பெயரும் அறிகுறியும் மனப்பாடம் செய்த மாணவர், அடுத்த வாரமே நண்பனின் புண்ணைப் பார்த்து "வலிக்கலையா? அப்ப ஒண்ணும் இல்ல" என்பார். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானாக ஆறியும் விடும், நோய் உள்ளேதான் இருக்கும். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. படம் பார்த்துக் கற்றவர் இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்? பரிசோதனைக்கூட முடிவு இல்லாமல் நானே சொல்ல மாட்டேன். அதனால் என் பயிற்சியில் முதல் விதி, நோயின் பெயரை வழிகாட்டி சொல்லக்கூடாது. மாத்திரை கொடுக்கக்கூடாது, மாத்திரைப் பெயரும் சொல்லக்கூடாது. உடம்பைக் காட்டச் சொல்லிப் பார்க்கக்கூடாது, போனில் அனுப்பிய படத்தையும்தான். "எனக்குத் தெரியாது, வா, தெரிந்தவரிடம் போகலாம்" என்று கூச்சப்படாமல் சொல்லத் தெரிந்தால் பாதிப் பயிற்சி முடிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் அவர்களுக்கு என்னதான் தெரிய வேண்டும்? நேரக் கணக்கு. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம். அதுவும் கடைசி எல்லைதான், முடிந்தால் அந்த இரவே தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசர கருத்தடைக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை என்றால் 72 மணி நேரம், யுலிப்ரிஸ்டல் என்றால் 120 மணி நேரம். இரண்டும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி சாதனத்தை ஐந்து நாள் வரை பொருத்தலாம், இவற்றில் அதிகம் பலன் தருவதும் அதுதான். மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. உருவான கர்ப்பத்தை அது கலைக்காது, நாளை நடக்கும் உறவுக்கும் காவல் இருக்காது. வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதன் பலன் குறையலாம் என்பதால், மருத்துவரிடம் அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கும் கணக்கு உண்டு. கர்ப்பப் பரிசோதனையின் முடிவை நம்ப, உறவுக்குப் பின் மூன்று வாரம் ஆக வேண்டும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரம். எச்.ஐ.வி.க்கு இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் புதிய வகைப் பரிசோதனை என்றால் 45 நாள், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிப் பரிசோதனை என்றால் 90 நாள். மறுநாள் காலை வந்த நெகட்டிவ், முந்தைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுமே தவிர முந்தைய இரவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தப் பையனின் நண்பனுக்கு இது தெரிந்திருந்தால் கதையே வேறு.

இனி, மாணவர்கள் என்னைவிட நன்றாகச் செய்யும் ஒரு வேலை. வெள்ளைக் கோட்டு போட்ட நான் "ஆணுறை பயன்படுத்துங்கள்" என்றால் தலையாட்டுவார்கள். ஆனால் காதலன், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது? அதற்கு என்னிடம் பதில் இல்லை, மாணவிகளிடம் இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் காதலனாக, ஒருவர் தானாக, அந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார்கள். முதல் முறை சிரிப்பு, இரண்டாம் முறை தடுமாற்றம். நான்காம் முறை ஒருத்தி நிதானமாக, "நம்பிக்கை இருக்கு. ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிட்டு வருவோம், அதுவரைக்கும் இது இல்லாம வேண்டாம்" என்பாள். மற்ற ஒன்பது பேர் முகத்தையும் அப்போது பார்க்க வேண்டும். சம்மதம் பற்றிய பாடமும் இப்படித்தான். முன்பு சரி என்றவர் இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான், போதையில் இருப்பவர் சரி என்பது சம்மதம் ஆகாது. இதைப் பையன்களுக்குப் பையன்கள் சொல்லும்போது இறங்கும் ஆழத்துக்கு என் பேச்சு இறங்கியதில்லை. நான் சொன்ன இங்கிலாந்து ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட மாணவிகள் தங்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்றார்கள். அதைக் கேளுங்கள், சில அமர்வுகளையாவது தனியாக வையுங்கள்.

கேள்விப் பெட்டி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடட்டும். இல்லாவிட்டால் யார் எழுதுகிறார் என்று பத்துத் தலைகள் திரும்பும், பெட்டி காலியாகவே வரும். ஆணுறையை மாதிரியில் போட்டுக் காட்டுவது கட்டாயம். நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்றுவது, முடிந்ததும் விறைப்பு குறையும் முன் விளிம்பைப் பிடித்தபடி எடுப்பது, இந்த இரண்டிலும்தான் தவறு நடக்கிறது. எண்ணெயோ வாசலினோ தடவினால் லேட்டக்ஸ் கிழியும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்துச் சூடேறியதைத் தூக்கிப் போடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடாதவர்கள் கல்லூரி வயதிலும் போடலாம், ஆண்களும் போடலாம். கேட்டு வாருங்கள்.

இரகசியம் பற்றி ஒரு எச்சரிக்கை. "சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று எந்த வழிகாட்டியும் வாக்குக் கொடுக்கக்கூடாது. "உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பெரியவர் ஒருவரிடம் போவேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்." இதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளானேன் என்று சொன்னால், முதல் வேலை நம்புவது. ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காதீர்கள். 72 மணி நேரக் கணக்கு அவளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் முடிவெடுக்கும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் அவளோடு இருங்கள், ஆனால் இந்தச் சுமையை ஒரு மாணவி தனியாகத் தூக்கக்கூடாது. அதனால் வழிகாட்டிகள் பயிற்றுநரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேச ஏற்பாடு இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாத கல்லூரி திட்டத்தையே தொடங்க வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சகமாணவர் கல்வியால் அறிவு கூடுகிறது, கூச்சம் குறைகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நோய்த்தொற்று குறைகிறதா என்றால் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. செமினார் நடத்திச் சான்றிதழ் கொடுத்து முடித்துக்கொண்டால் நோய் எப்படிக் குறையும்? வழிகாட்டி கைகாட்டும் கதவு திறந்திருக்க வேண்டும்.

அதனால் கடைசியாக என் துறையினருக்கு. ஒரு பெண் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, சீட்டு எழுதும் இடத்தில் வைத்துச் சத்தமாக "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். தோழியை வெளியே துரத்தாதீர்கள். நோயாளியிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், பிறகு அவள் விரும்பினால் தோழியை உள்ளே கூப்பிடுங்கள். ஒரு மாணவி இங்கே அவமானப்பட்டுத் திரும்பினால் அன்று இரவே விடுதி முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு எத்தனை வழிகாட்டிகள் சொன்னாலும் யாரும் வர மாட்டார்கள், மிச்சமிருக்கும் மாத்திரைகள்தான் கைமாறும்.

அந்தப் பெண் நேற்று மறுபரிசோதனைக்கு வந்தாள். காய்ச்சல் இல்லை, வலி குறைந்திருக்கிறது. காதலனையும் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், இருவரின் சிகிச்சையும் முடியும் வரை உறவு கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை என்று சொன்னேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள். அறைத்தோழி கதவருகில் நின்றிருந்தாள். மூவருமாக உட்கார்ந்து, அவனுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை எழுதினோம். அரைமணி நேரம் ஆனது. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது.