சிரிங்ஸ்: குரல்வளை அன்று, கவைக்குழல்

"குண்டுக்கரிச்சானும் தவளையும் குரல்வளையால்தான் ஒலி எழுப்புகின்றன" என்றது ஒரு விவரணப்படத்தின் தமிழ்க்குரல். இதே பிழையை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. தவளைக்குச் சரி, கரிச்சானுக்குத் தவறு.

பறவைக்கும் தொண்டையில் குரல்வளை உண்டு. ஆனால் பாட்டு அங்கே பிறப்பதில்லை. மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி இரண்டாகப் பிரியும் கவையில் இருக்கிறது, பாட்டு பிறக்கும் உறுப்பான சிரிங்ஸ். கிரேக்கத்தில் நாணற்குழல் என்று பொருள். ஊசி போடும் சிரிஞ்சுக்கும் வேர் அதுவே. கரிச்சான் இனத்துப் பாடும் பறவைகள் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சுரம்கூட எழுப்பும்.

தவளையின் கதை வேறு. மழைக்கு மஞ்சளேறிய பெரிய ஆண் தவளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வாயும் மூக்கும் மூடியிருக்க, தாடைக்கடியில் இரண்டு நீலப் பைகள் உப்பும். நுரையீரல் காற்று குரல்வளையை அதிரவைத்துப் பைக்குள் போய், திரும்ப நுரையீரலுக்கே வரும். 'நுணலும் தன் வாயால் கெடும்' என்கிறோம். பாவம், அது வாயை மூடிக்கொண்டேதான் கெடுகிறது!

சிரிங்ஸுக்குப் 'பாட்டுப்பெட்டி' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் பாட்டே வராத வாத்துக்கும் சேவலுக்கும் அந்த உறுப்பு உண்டே, அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? போதாததற்கு, வகைப்பாட்டில் காகம் பாடும் பறவை. கவிஞர்கள் கொண்டாடும் குயில் அந்த வரிசையிலேயே இல்லை. பாட்டை வைத்து உறுப்புக்குப் பெயரிட்டால் இந்த வம்பெல்லாம் வரும். 'கீழ்க்குரல்வளை' ஓரளவு நேர்மையானது, இடத்தையாவது சொல்கிறது. ஆனாலும் குரல்வளை என்று காதில் விழுந்ததும் படிப்பவர் கை தானாகக் கழுத்துக்குத்தான் போகும். சிரிங்ஸ் என்றே விட்டுவிடலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தவறான தமிழைவிடச் சரியான கிரேக்கம் மேல்.

மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும் என்று ஒலிக்கொரு வினை வைத்த மொழி இது. இன்றைய மொழிபெயர்ப்பில் எல்லாமே 'ஒலி எழுப்புகின்றன'. உறுப்புகளையும் அப்படியே ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள்.

என் சொல் கவைக்குழல். கவை இடத்தைக் காட்டுகிறது, குழல் கிரேக்கப் பொருளையும் மூச்சுக்குழலையும் சேர்த்துக் காட்டுகிறது. ஒரு மொழிபெயர்ப்பாள நண்பருக்கு இதை எழுதி அனுப்பினேன். 'கவைக்குதவாத சொல்' என்று பதில் வந்தது. சிலேடையை ரசித்தேன், சொல்லை விடவில்லை.