கால் செக்கனுக்குள் கைமாறும் கதை

"வீட்டில ஓயாமல் கதைப்பாள். தனிய நிண்டால் ரீச்சரோடயும் கதைப்பாள். நாலு கூட்டாளிமார் சேர்ந்தால் மட்டும் வாயே திறக்கிறாளில்லை. பழகத் தெரியாத பிள்ளையோ?" தரம் இரண்டில் படிக்கும் மகளைப் பற்றி ஆரையம்பதித் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பகிர்வது, மன்னிப்புக் கேட்பது, தோற்றால் பொறுப்பது எல்லாம் ஆரம்பப் பிரிவில் பழக்குகிறார்கள். பேச்சில் தன் முறையைப் பிடிப்பதும் அப்படியொரு திறன்தான். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2009இல் மொழியியல் ஆய்வாளர் தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளில், ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்து அளந்தார்கள். கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக 200 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் ஆனது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால், வளர்ந்தவருக்கே "மாடு" என்று வாய் திறக்க ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் வேண்டும். ஒரு சொல்லுக்கே 600 தேவைப்படும்போது, 200இல் பதில் எப்படி வருகிறது?

மற்றவர் முடிக்கும் முன்பே மூளை பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. "நாளைக்குக் கல்லடிக் கடலுக்கு நீயும்..." என்னும்போதே "வாறியா" காதில் விழுந்த மாதிரித்தான். கேட்டபடியே முடிவை ஊகித்து, பதிலைக் கோத்து, மூச்சை உள்ளே இழுத்து, அவர் குரல் இறங்கும் இடத்தில் விடுகிறோம். கிளித்தட்டில் பாய்கிறவன், மறிப்பவன் திரும்பிய பிறகா யோசிக்கிறான்? நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில்தான் அந்த ஆய்வில் இடைவெளி மிகக் குறைவு. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு நம் திண்ணைகளில் அமர்ந்து அளக்கவேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சின்னப் பிள்ளைகளுக்கும் ஊகிக்கத் தெரியும். பதிலைக் கோப்பதில்தான் நேரம் போகிறது. இருவர் கதைத்தால் அந்தத் தாமதம் தெரியாது. நால்வர் என்றால் இடம் பறிபோய்விடும். அவள் முகத்தைக் கிட்ட நின்று பாருங்கள்: உதடு பிரியும், நெஞ்சு ஒருமுறை உயரும், அதற்குள் இன்னொருத்தியின் குரல் வந்துவிடும், உதடு மூடிக்கொள்ளும். விருப்பமில்லாத பிள்ளை மூச்சு எடுக்காது. வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்பவர்கள் இருப்பார்கள், வேண்டாம். வீட்டில் ஓயாமல் கதைக்கிற நாக்கில் என்ன குறை?

வகுப்பில் செய்யக்கூடியதை 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டிவிட்டார். ஆரம்ப வகுப்பு அறிவியல் பாடங்களை ஒலிப்பதிவு செய்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராத தருணங்கள் குறைந்தன. மெதுவானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கதைத்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரண்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளை ஓடவிடும் நாம், இந்த மூன்று செக்கனைக் கொடுக்க மறுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அம்மா, பின்னேரத்தில் ஒரே ஒரு கூட்டாளியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மகளின் உதடு பிரிந்து நெஞ்சு உயர்வதைக் கண்டால் நீங்கள் குறுக்கே கதைக்காமல், மனதுக்குள் மூன்றுவரை எண்ணுங்கள்.