கணிதப் பிரிவில் இடம் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்: தரம் 12க்கு அலையும் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரே கதைதான். பிள்ளை கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்திருப்பாள். பௌதிகவியல் படிக்க ஆசை. அவள் படித்த மகளிர் பாடசாலையில், "தமிழ் மொழி மூலம் கணிதப் பிரிவு எங்களிடம் இல்லை, பயோ (உயிரியல் பிரிவு) எடுக்கட்டும்" என்பார்கள். அடுத்த தெருவில் கணிதப் பிரிவு இருக்கும், ஆனால் அது ஆண்கள் பாடசாலை. இன்னொரு இடத்தில், "வெளிப் பாடசாலைப் பிள்ளைகளை இந்த முறை எடுக்கவில்லை." தாயும் மகளும் இப்படியே அலைந்துகொண்டிருக்க வகுப்புகள் தொடங்கிவிடும். கடைசியில் பிள்ளை வர்த்தகப் பிரிவில் உட்கார்ந்திருப்பாள். நாலு வருடம் கழித்து ஏதாவது கருத்தரங்கில் ஒரு பெரியவர் எழுந்து, பெண் பிள்ளைகளுக்குப் பௌதிகவியலில் ஆர்வம் குறைவு என்று பேசுவார்.

ஆர்வம் இருந்த பிள்ளைகள் எந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதற்குப் பெரும்பாலும் எழுத்தில் ஆதாரமே இருப்பதில்லை. எல்லாமே வாய்ப்பேச்சு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். தேசிய மொழிகளில் ஏதாவது ஒன்றில் கல்வி பெற அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழும் தேசிய மொழிதான். மொழி, இனம், மதம், பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்று 27ஆம் உறுப்புரை அழகாகப் பேசும். ஆனால் அது அரசுக்கான வழிகாட்டிக் கோட்பாடு மட்டும், அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது. கடிதத்தில் 12ஐயும் 21ஐயும் எழுதுங்கள், 27ஐ மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிடுங்கள்.

உயர்தரம் படிக்கப் பொதுத் தகுதி, முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி (சி). கணிதப் பிரிவுக்கு அதன்மேல் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் என்ன பெறுபேறு வேண்டும் என்பது அமைச்சின் தரம் 12 அனுமதிச் சுற்றறிக்கையில் இருக்கும். பாடசாலை வாயிலில் உங்களுக்குச் சொல்லப்படுவது வேறு: "எங்களுக்கு ஒன்பது ஏ வேண்டும்." இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் பெறுபேற்று வரிசைப்படி எடுப்பது சரி. அந்த வரிசையைப் பார்க்காமல், விண்ணப்பத்தை வாங்காமலே திருப்பி அனுப்புவதுதான் பிழை. "சுற்றறிக்கையில் அப்படி எங்கே இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சிங்களப் பிரதியைக் காட்டினால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். விண்ணப்பிக்கும் முறை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், போன வருடம் அக்கா மகள் எப்படிச் சேர்ந்தாள் என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

இப்போது பெற்றோர் மாட்டிக்கொள்ளும் பொறிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, "பயோவிலும் பௌதிகவியல் இருக்கிறதுதானே" என்ற ஆறுதல். இருக்கிறது. ஆனால் பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலைப் பட்டப்படிப்பாகப் படிக்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் இணைந்த கணிதம் இல்லாமல் போவது நடக்காத காரியம். உயிரியல் எடுத்த அன்றே அந்தக் கதவுகள் மூடிவிடும். அதைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை உயிரியல் எடுக்கட்டும், நல்லது. வகுப்பு இல்லை என்பதற்காக எடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது, "தொழினுட்பப் பிரிவு எடுங்கள், இரண்டும் ஒன்றுதான்." ஒன்றல்ல. 2013இல் தொடங்கிய அந்தப் பிரிவில் பொறியியல் தொழினுட்பவியல் படித்தவர் பொறியியல் தொழினுட்பப் பட்டத்துக்குப் போகலாம், பொறியியல் பட்டத்துக்குப் போக முடியாது. அதுவும் மதிப்பான படிப்புத்தான். ஆனால் பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று பெற்றோரைக் குழப்பி ஆள் சேர்ப்பது நியாயமில்லை.

மூன்றாவது, ஆண்கள் பாடசாலை. அங்கே தமிழ் மொழி மூலம் கணிதப் பிரிவு நன்றாக நடக்கும், கண்ணுக்கு முன்னால் தெரியும். சமத்துவ உறுப்புரையைக் காட்டி அந்தக் கதவைத் திறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் காலத்தைக் கழிக்காதீர்கள், வழக்கு முடியும்போது பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும். நீங்கள் வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தமிழ் மொழி மூலம் கணிதப் பிரிவு நடக்கும் மகளிர் அல்லது கலவன் பாடசாலை எது, என் பிள்ளையை அங்கே சேர்க்க என்ன செய்யப் போகிறீர்கள்?

கேட்டதும் அலைச்சல் தொடங்கும். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என்று நான்கு வலயங்கள். மாகாணப் பாடசாலைக்கு வலயமும் மேல் மாகாணக் கல்வித் திணைக்களமும் பொறுப்பு. தேசிய பாடசாலை நேரடியாக அமைச்சுக்குக் கீழே, அதாவது பத்தரமுல்லை இசுருபாய. வலயத்துக்குப் போனால் "அது தேசிய பாடசாலை, இசுருபாயவுக்குப் போங்க" என்பார்கள். இசுருபாயவில் "அனுமதி அதிபரின் பொறுப்பு" என்பார்கள். அதிபரின் கந்தோரில் "மேடம் மீட்டிங்ல, நாளைக்கு வாங்க." கரம் பலகையில் காய் அடிபடுவது மாதிரி மூலைக்கு மூலை போய்வருவீர்கள். போகுமுன் பாடசாலை தேசியமா மாகாணமா என்று உறுதிப்படுத்திக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

மீதிப் பாதியைக் குறைப்பது கடிதம். தமிழிலேயே எழுதுங்கள். நிர்வாக மொழி சிங்களமாக இருக்கும் பகுதியிலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று கவுண்டரில் சொல்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அல்லது தெரிந்தே சொல்லலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இப்படிப் போதும்:

"என் மகள் இந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில் இணைத்துள்ள பெறுபேற்றைப் பெற்றுள்ளார். தமிழ் மொழி மூலம் தரம் 12 கணிதப் பிரிவுக்கு விண்ணப்பிக்க இன்ன திகதியில் உங்கள் பாடசாலைக்கு வந்தபோது அனுமதி வழங்க முடியாது என வாய்மூலம் தெரிவிக்கப்பட்டது. காரணத்தையும் அதற்கு அடிப்படையான சுற்றறிக்கைப் பிரிவையும் எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதிபருக்கு ஒன்று, வலயப் பணிப்பாளருக்குப் பிரதி. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் செயலாளருக்கும் ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை குத்த மறுத்தால் சண்டை பிடிக்காமல் தபால் கந்தோருக்கு நடங்கள். வாயால் "இல்லை" என்று சொன்னவருக்கு அதையே கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டி வரும்போது கை தயங்கும். சில இடங்களில் அதோடு ஓர் இடமும் கிடைத்துவிடும். சட்டம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் இடம் வருகிறது. கோபம் வருகிறதுதான், என்ன செய்ய.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அமைச்சு, மாகாணத் திணைக்களம் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். "ஏன் என் பிள்ளைக்கு இடம் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு உபதேசம்தான் பதிலாக வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த வலயத்தில் தமிழ் மொழி மூலம் கணிதப் பிரிவு நடத்த அனுமதி உள்ள பாடசாலைகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் தரம் 12இல் எத்தனை ஆண், எத்தனை பெண், தமிழ் மொழி மூலப் பௌதிகவியல் ஆசிரியர் நியமனங்கள் எத்தனை, வெற்றிடம் எத்தனை, இம்முறை சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பெறுபேற்று வரிசை (பெயர்கள் வேண்டாம்). பதில் இல்லை என்றால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆனால் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, இதைத்தான் அநேகமானோர் தவற விடுகிறார்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். பதிலுக்காகக் காத்திருந்தே அந்த மாதம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் விசாரணை நடந்தது என்று பிறகு காட்டுவது கஷ்டம், ஆகவே இலக்கத்தை வாங்கித் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். அலுவலகம் பம்பலப்பிட்டி ஆர்.ஏ. த மெல் மாவத்தையில், அவசரத் தொலைபேசி 1996. தமிழில் முறையிடலாம், செலவில்லை.

பணம் கேட்டால்? "கட்டட நிதி", "பழைய மாணவிகள் சங்க நன்கொடை" என்று எந்தப் பெயரில் வந்தாலும், அனுமதிக்கு விலை வைப்பது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கொடுத்துவிட்டுப் பிறகு முறையிடலாம் என்று நினைக்காதீர்கள், கொடுக்குமுன் கூப்பிடுங்கள்.

இனி மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு. ஹற்றனிலோ பதுளையிலோ சாதாரண தரம் எடுத்துவிட்டு, கொழும்பில் சித்தி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல ஆசிரியர், வெள்ளவத்தையில் தனியார் வகுப்பு என்று நம்பி வருகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் உண்டு, கொழும்பு இல்லை. 1971இல் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவருக்கு 400க்கு 250, சிங்களத்தில் எழுதியவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வைத்த காலம் போய்விட்டது, இப்போது பிரிப்பது மாவட்டம்தான். உங்கள் மாவட்டம் எது என்பதைப் பிறந்த ஊரோ தோட்டத்து விலாசமோ தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் கூடிய காலம் படித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். தரம் 12, 13 இரண்டும் கொழும்பில் என்றால் பிள்ளை கொழும்புக்காரி. அங்கே வெட்டுப்புள்ளி நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கும். அதே இஸட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) ஊரில் பொறியியல் கிடைத்திருக்கும், இங்கே கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஊரிலேயே படித்திருப்பேன் என்று அழுத பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதற்காகப் பெயரை ஊர்ப் பாடசாலையில் பதிந்துவிட்டு ஆளைக் கொழும்பு வகுப்பில் வைத்திருக்கும் வேலையும் வேண்டாம். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருக்கிறது. பொய் வரவு பிடிபட்டால் பல்கலைக்கழகப் பதிவே ரத்தாகும், அப்போது யோசனை சொன்ன மாஸ்டர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

வீட்டில் மாமாவோ பெரியப்பாவோ, "பெண் பிள்ளைக்கு எதற்கு பௌதிகவியல்?" என்று ஆரம்பித்தால், இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண் என்று சொல்லுங்கள். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம், 1960களிலேயே பொறியியல் பீடத்தில் படித்தவர். அதற்கும் அடங்காத மாமாக்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

இடம் கிடைத்ததும் இன்னொன்றைப் பாருங்கள்: ஆய்வுகூடம். வகுப்பு இருக்கும், ஆசிரியரும் இருப்பார், ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கும். உயர்தரப் பௌதிகவியலில் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கிலும் பரிசோதனை அனுபவத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். வேணியர் இடுக்கியைக் கையில் பிடிக்காத, சுரமானியின் கம்பி அதிர்ந்து பார்க்காத, அழுத்தமானியைத் தொடாத பிள்ளை அந்த விடையைப் பாடமாக்கித்தான் எழுத வேண்டும். முதல் தவணையிலேயே பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள், ஆய்வுகூடம் வாரத்தில் எந்த நாள் திறக்கும், சாவி யாரிடம் என்று. கூட்ட அறிக்கையில் உங்கள் கேள்வியைப் பதியச் சொல்லுங்கள். பதியவில்லை என்றால் அதற்கும் ஒரு கடிதம்.